சோழனும் பாண்டியனும் சண்டை போட்ட ஆறு இதுதானா?

குடுமியான்மலைன்னா எல்லாரும் இசைக் கல்வெட்டைத்தான் பேசுவாங்க. இன்னைக்கு நான் பேசப்போறது அந்த ஊருக்குத் தெற்கே ஓடுற வெள்ளாறு பத்தி. "ஓடுற"ன்னு சொல்றதே கொஞ்சம் மிகைதான்.

முதல் தடவை பைக்ல அந்தப் பாலத்தைக் கடந்தப்போ அது ஆறுன்னே எனக்குத் தெரியல. மணலும் சீமைக்கருவேலமும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சது. வண்டியை நிறுத்தி மேப்பைப் பார்த்தா, நீலக்கோட்டு மேல நிக்கிறேன்!

ஒரு குழப்பத்தை முதல்ல தீர்த்துடலாம். பரங்கிப்பேட்டையில கடல்ல கலக்குற வெள்ளாறு வேற. இது தென் வெள்ளாறு. புதுக்கோட்டை மாவட்டத்தைக் குறுக்கே கடந்து பாக் நீரிணைக்குப் போகுது. மரபா சோழநாட்டுக்குத் தெற்கு எல்லையும் பாண்டியநாட்டுக்கு வடக்கு எல்லையும் இதுதான். ஆனா எல்லைன்னா நம்ம மனசுல வர்ற முள்வேலி மாதிரி இல்ல. குடுமியான்மலை சிகாநாதசுவாமி கோயிலுக்குப் போய்ப் பாருங்க. சோழர் கல்வெட்டும் இருக்கு, பாண்டியர் கல்வெட்டும் இருக்கு. மூன்றாம் குலோத்துங்கன் காலத்துல சோழர் கை ஓங்கியிருந்தது. 1216ல பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் அதைத் தலைகீழா மாத்தினான். ஆட்சி மாறிச்சு, கோயில் அங்கேயேதான் இருந்துச்சு.

சரி, மழைக்காலத்துல மட்டும் தண்ணி வர்ற ஆத்தை நம்பி எப்படி விவசாயம் பண்ணாங்க? கண்மாய்தான் பதில். இந்த மாவட்டத்துல மட்டும் 5,000க்கும் மேல இருக்கு. வெள்ளம் வரும்போது வாய்க்கால்ல திருப்பிக் கண்மாயை நிரப்பணும். நிரம்பினா கலிங்கு வழியா அடுத்த கண்மாய்க்குப் போகும். கடைசியில மிச்சம் திரும்ப ஆத்துக்கே வந்துடும்.

இதுல என்னை அசத்தினது குமிழி. கண்மாய்க்குள்ள ரெண்டு கல் தூண் நிக்குறதைப் பார்த்திருப்பீங்க. நிறைய பேர் ஏதோ இடிஞ்ச மண்டபம்னு நினைச்சுக்குவாங்க. அதுதான் மதகு. தூணுக்குக் கீழ கல்தொட்டி, அதுல துளை, துளைக்கு அடைப்பு. கரைக்கு அடியில சுருங்கை, அதாவது தண்ணி வெளியே போற கால்வாய். அடைப்பைத் தூக்கினா வயலுக்குத் தண்ணி பாயும். தொட்டிக்குக் கீழே சின்னத் துளைகள் வேற. அது வழியா அடியில படிஞ்ச சேறும் வெளியேறும். தூர் வாருற வேலையை டிசைன்லயே குறைச்சிருக்காங்க! பல தூண்கள்ல அதைச் செஞ்சு கொடுத்தவங்க பேரும் வெட்டியிருக்கு. நாங்க கோடுல கமெண்ட் எழுதவே சோம்பேறித்தனப்படுவோம்.

இப்போ விஷயத்துக்கு வரேன். 2021 பிப்ரவரியில காவிரி-வைகை-குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு விராலிமலை பக்கம் குன்னத்தூர்ல அடிக்கல் நாட்டினாங்க. மொத்தம் சுமார் 262 கிலோமீட்டர். அதுல முதல் கட்டம், 118 கிலோமீட்டர், கரூர் மாயனூர் கட்டளைக் கதவணையில ஆரம்பிச்சு எங்க முடியுது தெரியுமா? இதே தென் வெள்ளாத்துல!

காவிரி வெள்ளநீர் இங்க வர்றது எனக்குச் சந்தோஷம்தான். ஆனா வரத்து வாய்க்கால்கள் தூர்ந்தும், ஆக்கிரமிப்புல குறுகியும் கிடந்தா, வந்த தண்ணி கண்மாய்க்குப் போகாது, நேரா கடலுக்குப் போயிடும். பெரிய கால்வாய்க்குக் காட்டுற அக்கறையில பாதியாவது ஊர் வாய்க்காலுக்கு வேணும்.

உங்க ஊர்க் கண்மாயில குமிழித் தூண் இருந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. எழுத்து இருந்தா கிட்டப் போய் எடுங்க, சுண்ணாம்பு மட்டும் பூசிடாதீங்க. அடுத்த வாரம் ஆத்தைத் தாண்டித் திருமயம் கோட்டைக்குப் போறோம்.