பிரித்தானிய டப்லொயிட் பத்திரிகைகள்: வணிகமும் கட்டுப்பாடும்

பத்திரிகை ஒரே வேளையில் விற்பனைப் பண்டமாகவும் பொதுப்பணியாகவும் விளங்குவது. இவ்விரு தன்மைகளுக்கும் இடையிலான முரண்பாடு பிரித்தானியாவின் ‘டப்லொயிட்’ பத்திரிகைகளின் வரலாற்றிலே தெளிவாகப் புலப்படுகின்றது. 1884 இல் மருந்துக் கம்பனியொன்று தன் மாத்திரைகளுக்குப் பதிவுசெய்த பெயரே இச்சொல். செய்தியைச் சுருக்கி, எளிதில் உட்கொள்ளத்தக்கதாகத் தரும் சிற்றளவுப் பத்திரிகைகளுக்கு அது பின்னர் வழங்கலாயிற்று.

1903 இல் அல்பிரட் ஹாம்ஸ்வேர்த் பெண்களுக்கெனத் தொடங்கிய ‘டெய்லி மிரர்’ தோல்வியடையவே, அடுத்த ஆண்டில் அதனைப் படங்கள் நிறைந்த மலிவுப் பத்திரிகையாக மாற்றி வெற்றி கண்டார். 1969 இல் ரூபேட் மேர்டொக் ‘சண்’ பத்திரிகையை வாங்கி, அவ்வழியை மேலும் முனைப்பாகப் பின்பற்றினார். 1978 இல் அது விற்பனையில் ‘மிரரை’ விஞ்சியது. 1980களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 இலட்சம் பிரதிகள் விற்பனையாயின. கணினி இவ்வணிகத்தினுட் புகுந்தபோது அதன் விலையை முதலிற் செலுத்தியோர் தொழிலாளரே. 1986 சனவரியில் மேர்டொக்கின் பத்திரிகைகள் வொப்பிங்கில் அமைந்த புதிய அச்சகத்துக்கு மாற்றப்பட்டவேளை, வேலைநிறுத்தஞ் செய்த ஏறத்தாழ 5,500 பேர் பணிநீக்கப்பட்டனர்.

வணிகம் இவ்வாறு விரைந்து மாறியபோதும், கட்டுப்பாடு தயங்கித் தயங்கியே பின்தொடர்ந்தது. அரச ஆணைக்குழுவொன்று 1949 இல் விதந்துரைத்த பத்திரிகைப் பேரவையை, சட்டம் இயற்றப்படலாம் என்ற அச்சம் எழுந்த பின்னரே 1953 இல் பத்திரிகைத் துறையினர் அமைத்தனர். அந்தரங்கம் பற்றி ஆராய்ந்த கல்கட் குழுவின் 1990 ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1991 இல் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு தோன்றியது. இரண்டும் துறையினர் தம்மைத் தாமே கட்டுப்படுத்தும் அமைப்புகளே. அரசின் கை பத்திரிகையின் மீது படியலாகாது என்னும் வாதம் இதற்கு அரணாயிற்று. அவ்வாதம் நியாயமற்றதன்று, ஆயின் அதன் நிழலிலே பிழை செய்தோரும் ஒதுங்கிக்கொண்டனர்.

2011 யூலையில் இவ்வொழுங்கு சிதைந்தது. கொலையுண்ட பள்ளிச் சிறுமியொருத்தியின் கைத்தொலைபேசியில் பதிவான குரற்செய்திகளை ‘நியூஸ் ஒவ் த வேள்ட்’ களவாகக் கேட்டமை வெளிப்பட்டது. 1843 இல் தோன்றிய அப்பத்திரிகை யூலை 10 ஆம் திகதியுடன் நின்றது. நீதியரசர் லெவிசன் 2012 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, சட்டத்தால் அங்கீகரிக்கப்படும் சுயாதீனக் கட்டுப்பாட்டு அமைப்பொன்றை வேண்டியது. பெரும் வெளியீட்டாளர் பலர் 2014 இல் ‘இப்சோ’ என்னும் தமது அமைப்பை நிறுவினர். அது அங்கீகாரத்தை நாடவில்லை. அங்கீகாரம் பெற்ற அமைப்பிற் சேராதோர் மீது வழக்குச் செலவைச் சுமத்தவிருந்த சட்டப்பிரிவு, ஒருபோதும் நடைமுறைக்கு வராமலே 2024 இல் நீக்கப்பட்டது.

இதற்கிடையில் வணிகத்தின் அடித்தளமே பெயர்ந்தது. 2003 இல் தொடங்கிய ‘டெய்லி மெயிலின்’ இணையத்தளம், பிரபலங்களின் படங்களையும் நீண்ட தலைப்புகளையுங் கொண்டு உலகெங்கும் வாசகரைத் திரட்டியது. ‘சண்’ 2013 இல் இணைய வாசகரிடம் கட்டணம் அறவிட முற்பட்டு, 2015 இல் அதனைக் கைவிட்டது. ‘மிரரின்’ உரிமையாளர் 2018 இல் ‘எக்ஸ்பிரஸ்’, ‘ஸ்டார்’ ஆகியவற்றையும் வாங்கி ‘ரீச்’ எனப் பெயர் மாற்றிக்கொண்டனர். 2020 இல் ‘சண்’, விலை கொடுத்து வாங்கப்படும் பத்திரிகைகளுள் வகித்த முதலிடத்தை ‘டெய்லி மெயிலிடம்’ இழந்தது. இணைய விளம்பரம் பார்வையாளர் தொகைக்கேற்பவே பணம் தருவது. ஆகையால் பரபரப்பை நாடும் பழைய தூண்டுதல் புதிய வலுப்பெற்றது. அச்சில் வந்த பிழையை மறுநாள் அதே வாசகருக்குத் திருத்திக் கூறலாம். இணையத்திற் பரவிய பிரதிகளைத் திருத்தம் பின்தொடர்ந்து பிடிப்பதரிது. 2023 ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டமும் அங்கீகரிக்கப்பட்ட செய்தி வெளியீட்டாளருக்கு விலக்களித்தது.

2023 டிசம்பரில் இளவரசர் ஹரி ‘மிரர்’ நிறுவனத்திடமிருந்து 1,40,600 பவுண் நட்டஈடு பெற்றார். நெடிய வழக்கை நடத்த அவருக்கு வசதியிருந்தது. சாதாரண மனிதனுக்கோ அது எளிதன்று. ‘இப்சோ’ குறைந்த செலவிலான நடுத்தீர்ப்பு முறையொன்றை ஏற்படுத்தியது. எனினும் கட்டுப்பாடு எப்போதும் தீங்கு நேர்ந்த பின்னரே வந்துசேர்ந்துள்ளது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. நாட்கணக்கிற் பரவிய செய்தி நிமிடக்கணக்கிற் பரவும் இக்காலத்தில், அத்தாமதத்தின் சுமையைத் தாங்குபவர் முறையிட வழியற்ற எளியோரே எனலாம்.