தூய்மையாக்கலும் தூய்மை காத்தலும்

ஒரு பொருளைத் தூய்மையாக்குதல் ஒரு தொழில். ஆக்கிய தூய்மையை அழியாது காத்தல் பிறிதொரு தொழில். முன்னதை மருத்துவ உலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கற்றது. பின்னதை இன்னும் முற்றக் கற்றுவிட்டதாகக் கூறுதற்கில்லை. உடலினுள்ளே செலுத்தி உறுப்புக்களை நேரிற் காண உதவும் என்டோஸ்கோப் என்னும் அகநோக்கியின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். ஒரு நோயாளிக்குப் பயன்பட்ட இக்கருவி, கழுவிக் கிருமி நீக்கப்பெற்று, மறுநாள் மற்றொருவருக்குப் பயன்படும். இடைப்பட்ட இரவில் அஃது எந்நிலையில் இருந்தது என்பதே ஈண்டு ஆராயப்புகும் வினா.

இவ்வினாவின் வேரைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் நிகழ்த்திய ஆய்விற் காணலாம். 1860 ஐ அடுத்த ஆண்டுகளில் அவர், அன்னத்தின் கழுத்தைப் போல் வளைந்த கழுத்துடைய கண்ணாடிக் குடுவைகளிலே சாற்றைக் கொதிக்கவைத்தார். காற்று உட்புகுந்தும், தூசு வளைவிலே தங்கியமையாற் சாறு கெடாதிருந்தது. கழுத்தை முறித்தபோதும், குடுவையைச் சரித்துச் சாற்றை வளைவிலே தோயவிட்டபோதும், அது விரைவிற் கெட்டது. கொதிக்கவைத்தமை சாற்றைத் தூய்மையாக்கியது. வளைந்த கழுத்தே அத்தூய்மையைக் காத்தது.

பாஸ்டரின் கருத்தைச் சத்திரசிகிச்சைக்கு எடுத்துச் சென்றவர் ஜோசப் லிஸ்டர். காபோலிக்கமிலத்தாற் காயங்களைக் காத்த தம் அனுபவத்தை 1867 இல் அவர் வெளியிட்டார். அதன்பின் ஜேர்மனியிலே கொதிநீராவியால் கிருமி நீக்கும் முறை வளர்ந்தது. பேர்ளின் நகரிற் பணியாற்றிய ஷிம்மெல்புஷ் என்னும் மருத்துவரின் பெயரால் வழங்கும் உலோகப் பேழை இங்குக் குறிக்கத்தக்கது. அதன் பக்கத்துத் துளைகள் நீராவி புகுங்காலத்துத் திறந்திருக்கும்; வேலை முடிந்ததும் மூடப்படும். உள்ளேயிருந்த துணிகள் சத்திரசிகிச்சை மேசையை அடையும்வரை வெளிக்காற்றைக் காணா. கிருமி நீக்கிய கலமே காவற்கலமும் ஆயிற்று.

இத்தகைய காவல் அகநோக்கிக்கு எளிதில் வாய்க்கவில்லை. 1868 இல் ஜேர்மானிய மருத்துவர் குஸ்மௌல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் துணைகொண்டு, நேரான உலோகக் குழாயால் இரைப்பையை நோக்க முயன்றார். 1932 இல் ஷிண்ட்லர் ஓரளவு வளையும் கருவியை அமைத்தார். 1957 இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹிர்ஷோவிற்ஸ் என்பார் கண்ணாடி இழைகளால் ஒளியைக் கடத்தும் நெகிழ்கருவியை நடைமுறைக்குக் கொணர்ந்தார். நோயாளியின் துன்பம் பெரிதுங் குறைந்தது. ஆயின் இழையும் பசையும் மென்பூச்சும் கொண்ட அக்கருவி, கொதிநீராவியின் வெப்பத்தைத் தாங்காது. காற்று, நீர், சிறு இடுக்கி ஆகியவை செல்வதற்கென அதனுள் அமைந்த குழல்களோ சில மில்லிமீற்றர் அகலமும் ஒரு மீற்றருக்கு மேற்பட்ட நீளமும் உடையனவாயின. கண்ணுக்குப் புலப்படாத இக்குழல்களே பிற்காலத் தொல்லைகள் பலவற்றின் உறைவிடம்.

வெப்பம் பயன்படாதவிடத்து இரசாயனத் திரவம் பயன்பட்டது. 1960 களில் குளூட்டரால்டிகைட்டு வழக்கிற்கு வந்தது. உடலிற் படும் இடத்தையும் அதனால் நேரும் ஆபத்தையும் நோக்கிக் கருவிகளை மூவகையாகப் பகுத்த அமெரிக்க அறிஞர் ஸ்போல்டிங்கின் முறையில், இரைப்பையையும் குடலையும் நோக்குங் கருவி இடைவகையைச் சார்ந்தது. அதற்கு உயர்தரக் கிருமிநீக்கம் வேண்டும். இத்தகைய கிருமிநீக்கத்தின் பின்னும் சில பற்றீரிய வித்திகள் எஞ்சக்கூடும். மேலும், மருந்தைப் போக்க இறுதியிற் கழுவும் நீரே புதிய கிருமிகளைக் கொணரவும் கூடும்.

ஈரமே இங்குப் பெரும் பகை. சியூடோமோனாஸ் என்னும் பற்றீரியா சிறிதளவு நீரிலும் வாழவல்லது. குழலில் எஞ்சிய துளிகளிலே மாலையில் ஒரு சிலவாக இருந்தவை விடியுமுன் பல்லாயிரமாகப் பெருகலாம். அவை குழலின் சுவரில் ஒட்டிப் படலமாகிவிடின், மறுமுறை ஊற்றும் மருந்தும் அவற்றை எளிதிற் சென்றடையாது. கிருமி நீக்கிய கருவிக்குழல்களிற் பத்து நிமிடம் காற்றைச் செலுத்தி உலர்த்தியபின் வைத்தபோது இப்பெருக்கம் பெரிதுந் தடுக்கப்பட்டதைக் கனடா நாட்டில் நிகழ்ந்து 1991 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

இன்று வழங்கும் முறைகள் பல இவ்வறிவின் பயனாகும். குழல்களின் உள்ளே வடிகட்டிய காற்றைச் செலுத்துவர். சில நாடுகளில் அதற்குமுன் மதுசாரத்தையும் செலுத்துவர். வால்வுகளைக் கழற்றிவிட்டு, கருவியைச் சுருட்டாது, நிலத்திற் படாவண்ணம் நெடுக்காகத் தொங்கவிடுவர். கருவியோடு வரும் மெத்தையிட்ட பெட்டி பயணத்துக்கே உரியது. அதன் மெத்தை ஈரத்தையும் அழுக்கையும் ஏற்று நிற்கும் ஆதலின் அதனுள் வைத்தல் தகாது. குழல்தோறும் தூய காற்றைச் செலுத்திக்கொண்டேயிருக்கும் அலுமாரிகளும் உள. ஐரோப்பாவில் அவற்றுக்கெனத் தனி நியமம் 2015 இல் வெளியாயிற்று. எத்தனை நாட்களின்பின் மீண்டுங் கிருமி நீக்கவேண்டும் என்பதில் மட்டும் நாடுகளின் நெறிமுறைகள் வேறுபடுகின்றன.

காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. 2015 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பெரிய வைத்தியசாலை ஒன்றில், பித்தநாளத்தை நோக்குங் கருவியின் வழியாக, மருந்துகளுக்கு அடங்காத பற்றீரியா எழுவரைத் தொற்றியது. அவர்களுள் இருவர் இறந்தனர். கருவியின் நுனியிலுள்ள நுண்ணிய தூக்கியமைப்பு முற்றாகக் கழுவுதற்கு அரிது என்பது அப்போது உலகறிந்த செய்தியாயிற்று. தூய்மையாகாத பொருளை எவ்வலுமாரியும் தூய்மையாக்காது. இதனையடுத்து, கழற்றி எறியத்தக்க நுனியுடைய கருவிகளும் ஒருமுறை மட்டும் பயன்படுங் கருவிகளும் தோன்றின. ஆயினும் விலை கருதியும் கழிவு கருதியும் பல வைத்தியசாலைகள் பழைய முறையையே பின்பற்றுகின்றன. ஆங்கெல்லாம் காத்தற்றொழில் ஒழிந்துவிடவில்லை.

கருவியைக் கண்டவர்களின் பெயர்கள் நூல்களில் நிலைத்துள்ளன. மாலையில் வேலை முடியும் வேளையிலும் பொறுமையோடு நின்று, குழலினுள் இறுதித் துளியும் உலரும்வரை காற்றைச் செலுத்துந் தாதியின் பெயரை எந்நூலும் கூறாது. மறுநாள் அக்கருவியின் கீழ்ப் படுக்கும் நோயாளியும் அவரை அறியார். எனினும் பாஸ்டரின் குடுவைக்கு வளைந்த கழுத்து எதுவோ, அந்நோயாளிக்கு அப்பத்து நிமிடம் அது. மருத்துவம் பயிலச் செல்லும் மாணவர் இதனை நினைவிற் கொள்வாராக.