கார்வர் விட்ட சவால்

விலை ஏற ஏறத்தான் ஆம்ப்ளிஃபயர் நல்லா பாடும்னு அடிச்சுச் சொல்ற நண்பர் உங்களுக்கும் இருப்பார். அவருக்காக ஒரு பழைய கதை.

அமெரிக்காவில் பாப் கார்வர்னு ஒரு ஆசாமி. 1970களின் தொடக்கத்தில் ஃபேஸ் லீனியர் 700 கொண்டுவந்தவர். சேனலுக்கு 350 வாட்! வீட்டுக்கு அது யானைதான்.

1985-ல் இவர் 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்காரர்களிடம் சவால் விட்டார்: எந்த ஆம்ப்ளிஃபயரைக் காட்டினாலும், தன்னுடைய மலிவு ஆம்ப்ளிஃபயரை அதே மாதிரி ஒலிக்க வைப்பதாக. அவர்கள் விலை உயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொடுத்தார்கள். கெடு 48 மணி நேரம். மனுஷர் ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதைக் கழித்து, மிச்சச் சத்தம் கிட்டத்தட்ட மறையும்வரை சர்க்யூட்டை மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டவர்களால் எது எதுன்னு பிரிக்க முடியலை. பத்திரிகையும் அதை ஒப்புக்கொண்டு எழுதியது.

இதை வச்சு எல்லாமே ஒண்ணுதான்னு சிலர் சொல்றாங்க. இல்லைங்க, வித்தியாசம் இருந்ததால்தானே திருத்தவே வேண்டி வந்தது! ஆனா அது விலைச்சீட்டில் இல்லை, அளந்து மாத்தக்கூடிய சர்க்யூட்டில் இருந்தது. அந்தக் குணத்தோடு எம்-1.0டி என்ற மாடலையும் கார்வர் பிறகு விற்றார்.