எதிர்காலவாதமும் வேகத்தின் அழகும்

கலை இயக்கம் எதுவும் சமுதாயச் சூழலினின்றும் தனித்துத் தோன்றுவதில்லை. இத்தாலியக் கவிஞர் மரினெற்றி 1909 பெப்ரவரி 20 ஆம் திகதி பரிஸ் நகரின் 'லு பிகாரோ' நாளிதழில் வெளியிட்ட அறிக்கையால் உலகறிந்த எதிர்காலவாதமும் அத்தகையதே. இத்தாலியின் தென்பகுதி வறுமையில் தேங்கிக் கிடக்க, மிலான், தூரின் முதலிய வட நகரங்களில் ஆலைகள் பெருகிய காலம் அது. பழம்பெருமையின் பாரத்தை உதற விழைந்த இளைஞருக்கு இயந்திரமே புதிய தெய்வமாயிற்று. கிரேக்கரின் வெற்றித் தேவதைச் சிலையினும் பந்தய மோட்டார் வண்டியே அழகுடையது என்றார் மரினெற்றி. நூதனசாலைகளையும் நூலகங்களையும் அழிக்கவேண்டும் என்றும் முழங்கினார். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை அறிந்த நாம் இவ்வாசகத்தை எளிதிற் கடந்துவிட இயலாது.

அசைவை அசையாத திரையில் எவ்வாறு காட்டுவது என்பதே ஓவியர் முன்னிருந்த வினா. பல்லா 1912 இல் ஓடும் நாயின் கால்களைப் பலவாகத் தீட்டினார். பொச்சியோனி 1911 இல் 'மனநிலைகள்' என்னும் தலைப்பில் புகையிரத நிலையப் பிரிவை மூன்று ஓவியங்களாக வரைந்தார். அவற்றுள் 'விடைபெறல்' என்பதிலே புகையிரதத்தின் இலக்கம் தெளிவாய் நிற்க, தழுவிப் பிரியும் மனித உருவங்கள் புகையலைகளிற் கரைகின்றன.

ஒட்டுசுட்டானிலிருந்து வரும் எமக்கு இவ்வோவியம் அந்நியமன்று. எமக்கு அண்மையிலுள்ள மாங்குளத்தினூடாகவே 1905 இல் நிறைவுற்ற வடபகுதிப் புகையிரதப் பாதை செல்கின்றது. போரினால் 1990 இல் நின்ற சேவை 2013 இலேயே மாங்குளத்துக்கு மீண்டது. புகையிரதமற்ற அவ்வாண்டுகளிலும் பிரிவுகள் நிற்கவில்லை. மக்கள் கால்நடையாகவும் உழவு இயந்திரப் பெட்டிகளிலும் இடம்பெயர்ந்தனர். இயந்திர வேகத்தை வானிலிருந்து வந்த இரைச்சலாகவே முதலில் அறிந்தோர் எம்மிற் பலர்.

மரினெற்றியின் அறிக்கையோ போரை உலகைத் தூய்மையாக்கும் வழியெனப் போற்றியது. 1915 இல் இத்தாலி போரில் இறங்கியபோது இவ்வியக்கத்தினர் பலர் விரும்பிச் சேர்ந்தனர். எதிர்கால நகரங்களை வரைந்த கட்டடக் கலைஞர் சாந்தேலியா 1916 இல் போர்முனையில் மாண்டார். அதே ஆண்டில் பொச்சியோனி இராணுவப் பயிற்சியின்போது குதிரையினின்றும் வீழ்ந்து இறந்தார். அப்போதும் மரினெற்றி பாடம் கற்றாரில்லை. 1919 இல் முசோலினியின் பாசிச இயக்கத்தோடு இணைந்தார்.

வேகத்திற்கு அழகுண்டு என்பதை நாம் மறுக்கவேண்டியதில்லை. அவ்வேகம் எவர் கையிலுள்ளது, எவர்மீது பாய்கின்றது என்னும் வினாக்களை எழுப்பாமையே அவ்வறிக்கையின் குறைபாடாகும். அறிக்கை காண மறுத்த மனிதரை 'விடைபெறல்' கண்டது. எதிர்காலவாதத்தில் இன்றும் எஞ்சி நிற்கத்தக்கது அப்பார்வையே எனலாம்.