பதினாறு கிலோமீட்டர் வட்டமும் பத்தாண்டுக் கணக்கும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தில் ஐந்து வட்டங்கள்: பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர். நல்லம்பள்ளி வட்டத்தை அந்தப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. அது பிறகு பிரிக்கப்பட்டது. அதன் ஊர்கள் அப்போது தருமபுரி வட்டத்துக்குள் இருந்தன. 2001 கணக்கெடுப்புக்குப் போனால் குழப்பம் இன்னும் பெரிது. அதிலுள்ள தருமபுரி, 2004இல் தனி மாவட்டமான கிருஷ்ணகிரியையும் சேர்த்த தருமபுரி.

இந்தக் குழப்பம் அணு உலைக்கு அருகில் நேர்ந்தால்தான் ஆபத்து. நல்லம்பள்ளிக்கு மிக அருகிலுள்ள அணுமின் நிலையம் கல்பாக்கம்தான். அதுவும் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். எனவே இங்கே இந்தக் குழப்பம் ஆய்வு மாணவருக்குத் தலைவலி, அவ்வளவே. கல்பாக்கத்திலோ கதை வேறு. 2011இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் எண்ணப்பட்ட அந்தப் பகுதி, 2019 நவம்பர் முதல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. விபத்து நேர்ந்தால் மக்களை வெளியேற்றும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. அவருக்கு முன்னால் விரியும் கிராமவாரிக் கணக்கு வேறொரு மாவட்டத்தின் பெயரில், பதினைந்தாண்டுப் பழையதாக இருக்கும்.

அணு உலைக்கும் மக்கள்தொகைக் கணக்குக்கும் உள்ள உறவு, வெளியேற்றத் திட்டத்தில் தொடங்கியதல்ல. இடம் தேர்வதில் தொடங்கியது. 1962இல் அமெரிக்கா வகுத்த விதிகள் உலையைச் சுற்றி ஆளில்லாத பகுதி ஒன்றையும், மக்கள் குறைவான பகுதி ஒன்றையும் கேட்டன; 25,000 பேருக்கு மேற்பட்ட ஊர் எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும் என்றும் கூறின. ஊரை விட்டுத் தள்ளி உலையைக் கட்டிவிட்டால் ஊரைக் காலி செய்யும் தேவை வராது என்ற நம்பிக்கை அதில் இருந்தது.

1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தில் அந்த நம்பிக்கை உடைந்தது. இரண்டு நாள் கழித்து ஆளுநர் டிக் தார்ன்பர்க் 5 மைல் தொலைவுக்குள் உள்ள கர்ப்பிணிகளும் பள்ளி வயது எட்டாத குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்றார். அவர் அழைத்தது சில ஆயிரம் பேரை. கிளம்பியவர்கள் ஏறத்தாழ 1,44,000 பேர். யாரை அனுப்ப வேண்டும் என்று அரசு கணக்குப் போடலாம், யார் வண்டியைக் கிளப்புவார்கள் என்பது அந்தக் கணக்கில் அடங்காது என்று அன்று தெரிந்தது.

அடுத்த ஆண்டே அமெரிக்க நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் 10 மைல் அவசரநிலைத் திட்ட வட்டம் கட்டாயமானது. அந்த வட்டம் காலியாக எத்தனை மணி நேரம் ஆகும் என்ற மதிப்பீடும் உடன் வந்தது. நியூயார்க்கின் ஷோர்ஹாம் நிலையம் இந்தக் கணக்கிலேயே விழுந்தது. குறுகலான லாங் ஐலண்டிலிருந்து மக்களைப் பத்திரமாக வெளியேற்ற முடியாது என்று 1983இல் சஃபோக் கவுண்டி நிர்வாகம் கைவிரித்தது. கட்டி முடித்த உலை வணிக முறையில் மின்சாரம் தராமலே மூடப்பட்டது. 2011இல் வந்த திருத்தம் இன்னும் கறாரானது. பத்தாண்டுக் கணக்கெடுப்பின் புள்ளிவிவரம் வெளியான 365 நாளுக்குள் வெளியேற்ற நேரத்தை மறுபடி மதிப்பிட வேண்டும். இடையில் மக்கள் பெருகி அந்த நேரம் 25 சதவீதமோ 30 நிமிடமோ, இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்குக் கூடினாலும் புதுக்கணக்குப் போட வேண்டும்.

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் அமைந்தது. இடத்தேர்வுக்கான அதன் 1990ஆம் ஆண்டு நெறிமுறை தலைக்கணக்குக்கும் வரம்பு வைத்தது. 10 கிலோமீட்டருக்குள் 10,000 பேருக்கு மேற்பட்ட ஊர் கூடாது. 30 கிலோமீட்டருக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டிய நகரம் கூடாது. 5 கிலோமீட்டர் வட்டத்தில் 20,000 பேருக்குள் இருப்பது நல்லது. அவசரநிலைத் திட்ட வட்டம் 16 கிலோமீட்டர், அதாவது அதே 10 மைல்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் இந்த எண்கள் நேரடியாக மோதின. 2011இல் நிலையத்துக்கு எதிரான போராட்டம் சூடுபிடித்தபோது, அருகிலுள்ள இடிந்தகரையிலேயே பத்தாயிரத்துக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள் என்பது போராட்டக் குழுவினரின் முதன்மை வாதங்களில் ஒன்று. இன்னொன்று காசா நகர். 2004 சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக நிலையத்துக்கு மிக அருகிலேயே எழுந்த குடியிருப்பு அது. சுமார் 450 வீடுகள் என்று அவர்கள் சொல்லிவந்தார்கள். 2001 கணக்கெடுப்பை வைத்து வரைந்த எந்தத் திட்டத்திலும் அந்தத் தெருக்கள் இருக்க வழியில்லை. மறுவாழ்வு வீடுகளுக்கு இடம் பார்த்தவர்கள் அணுமின் நிலையத்தின் வரைபடத்தைப் பார்க்கவில்லை போலும்.

2012 ஜூன் 9 அன்று நக்கனேரி கிராமத்தில் வெளியேற்ற ஒத்திகை நடந்தது. ஒரே ஒரு சிற்றூரில் நடத்தியது வட்டம் முழுமைக்கும் ஒத்திகை ஆகுமா என்ற கேள்வி உடனே எழுந்தது. 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையத்துக்கு அனுமதி அளித்த தீர்ப்பில், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழிகாட்டுதல்களைப் பின்பற்றவும், நிலையத்துக்கு வெளியேயும் அவ்வப்போது ஒத்திகை நடத்தவும் உத்தரவிட்டது. ஜூலை 13 அன்று நிலையத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கியது.

கணக்கெடுப்பு எதைத் தருகிறது என்று பார்ப்போம். 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை எண்ணினார்கள். யார் எந்த வீட்டில் வழக்கமாகத் தங்குகிறார் என்பதே கேள்வி. கிராமவாரிப் பட்டியலில் வீடுகள், ஆண், பெண், ஆறு வயது வரையுள்ள குழந்தைகள், எழுத்தறிந்தவர்கள், வேலை செய்பவர்கள் ஆகிய எண்கள் கிடைக்கும். விபத்தின்போது தரப்படும் அயோடின் மாத்திரை முதலில் சேர வேண்டியது குழந்தைகளுக்கு. ஆனால் ஏழு வயதிலிருந்து பதினெட்டு வரையுள்ளவர்கள் எத்தனை பேர் என்று அந்தப் பட்டியல் சொல்லாது. படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களுக்கும் தனிப் பத்தி கிடையாது. இரவு வள்ளம் ஏறிய மீனவர் கணக்கில் வீட்டில்தான் தூங்குகிறார்.

மாமல்லபுரம் இதற்கு நல்ல சான்று. கல்பாக்கம் உலைகளிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர். 2011 கணக்கில் மக்கள் 15,172 பேர். காணும் பொங்கல் அன்று கடற்கரைக் கோயிலைச் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கும் இந்த எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வெளியேற்றத்துக்குத் தேவை, சைரன் ஊதும் நேரத்தில் சாலையில் நிற்பவர்களின் கணக்கு.

புதிய கணக்கு இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. ஜப்பான் 2010 அக்டோபரில் கணக்கெடுத்தது. ஐந்தே மாதத்தில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. 20 கிலோமீட்டர் வட்டத்தைக் காலி செய்ய உத்தரவு வந்தபோது தலைக்கணக்கு கைவசம் இருந்தது. ஆனால் ஒகுமா நகரின் ஃபுதாபா மருத்துவமனையிலும் அதன் முதியோர் இல்லத்திலும் இருந்தவர்களைத் தக்க வண்டிகளின்றி நெடுந்தூரம் கொண்டு சென்றதில் ஏறத்தாழ 50 பேர் இறந்தனர். அவர்களில் எவரையும் கதிர்வீச்சு கொல்லவில்லை.

இந்தியாவில் 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. 2025 ஜூனில் வெளியான அறிவிக்கைப்படி அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. அதன் கிராமவாரி எண்கள் வந்த ஓராண்டுக்குள் கல்பாக்கம், கூடங்குளம் வட்டங்களின் வெளியேற்ற நேரத்தை மறுபடி கணக்கிட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் கிராமச் செவிலியரும் முதியவர்கள், நோயாளிகள், வடமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகள், படகுகளின் பட்டியலை ஆண்டுதோறும் சேர்க்க வேண்டும். இரண்டையும் தமிழில் அச்சிட்டு, வட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு ஊராட்சியின் கிராம சபையிலும் மாவட்ட நிர்வாகம் படித்துக் காட்ட வேண்டும்.