மீண்டும் நில்லாதவர்கள்

சென்னையிலிருந்து சித்தூர் வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மொகிலி கணவாய்க்கு இப்பால் அமைந்திருப்பது பங்காருபாளையம். கோலாரிலும் பெங்களூரிலும் குடியேறிவிட்ட தமிழர் பலர், சொந்த ஊருக்குப் போகும்போதும் திரும்பும்போதும் இவ்வூரைக் கடந்திருப்பர். ஆனி, ஆடி மாதங்களில் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய வண்டிகள் இங்குள்ள சந்தையை நோக்கி வரிசையாக நிற்கும். சித்தூர்ப் பாளையங்களுள் ஒன்றாக முன்னாளில் விளங்கிய இவ்வூர், இன்று சட்டசபைத் தேர்தலில் பூதலப்பட்டு என்னும் தனித்தொகுதியைச் சேர்ந்தது.

தேர்தல் நெருங்குங்கால் எவர் வெல்வார் என்று கேட்பவர் பலர். இப்போது பதவியிலிருக்கும் அங்கத்தினருள் எத்தனை பேர் மீண்டும் நிற்கப் போவதில்லை என்று கேட்பவர் மிகச் சிலர். ஆயினும் வாக்காளனுக்கு இந்த இரண்டாவது கேள்வியே முதன்மையானது என்பது நம் கருத்து. ஐந்தாண்டுக் கணக்கைக் கேட்க வேண்டிய நாளிலே, கணக்குச் சொல்ல வேண்டியவர் களத்தில் இல்லையென்றால், அவன் எவரிடம் கேட்பான்?

மேல் நாடுகளில் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றனர். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுத் தேர்தலின்போது 149 அங்கத்தினர் தாமே விலகினர். அதற்கு முந்தைய ஆண்டில் வெடித்த படிச்செலவு ஊழலை அறிந்தவர்க்கு அவ்வெண் வியப்பளித்திராது. 2024இல் 132 பேர் விலகினர். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 1992இல் 65 பேர் ஓய்வு பெற்றனர். அதற்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. நெடுங்காலம் பதவியிலிருந்தவர், மீந்த தேர்தல் நிதியைச் சொந்தத்துக்கு எடுத்துக்கொள்ள அவ்வாண்டோடு தவணை முடிந்தது! தொகுதி எல்லைகள் மாறிய ஆண்டும் அதுவே. இவ்வாறு வயது, ஊழல், எல்லை மாற்றம், சட்டத்தின் தவணை ஆகியவற்றை அளந்து, விலகுவோர் தொகையை அவர்கள் முன்கூட்டியே மதிப்பிடுகின்றனர். அங்கே விலகுபவர் பல மாதங்களுக்கு முன்னரே அறிவித்துவிடுவதால் எண்ணுவதும் எளிது.

அந்த அளவுகோலைச் சித்தூர்ச் சீமைக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

திருச்சானூரில் 1891இல் பிறந்த மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார் 1934 முதல் மத்திய சட்டசபையில் வீற்றிருந்தவர். மாவலங்கர் மறைந்தபின், 1956இல் லோக சபையின் சபாநாயகரானார். 1962இல் அவருக்கு வயது எழுபத்தொன்று. வயதை அளவாகக் கொண்டவர் அவர் ஓய்வு பெறுவார் என்றே கணித்திருப்பர். அவரோ சித்தூரில் நின்றார், வென்றார், அதே ஆண்டு மே மாதத்தில் பீகார் மாகாண கவர்னராகச் சென்றுவிட்டார். இடைத்தேர்தலில் சுதந்திராக் கட்சித் தலைவரும் உழவர் தலைவருமான என். ஜி. ரங்கா சித்தூரின் பிரதிநிதியானார். பின்னர் அவர் ஸ்ரீகாகுளத்தின் பிரதிநிதியாக லோக சபைக்குச் சென்றார். ஆக, அடுத்தடுத்து இருவர் சித்தூரை விட்டுச் சென்றனர். இருவருள் எவரும் பொதுவாழ்விலிருந்து ஓய்வு பெறவில்லை. இவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

தொகுதியே மாறிப்போவதும் உண்டு. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தபோது, அங்கே வாக்களித்தவர் எல்லோருக்கும் சட்டசபையே வேறாயிற்று. 2009ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் நிகழ்ந்த மறுவரையறையில் வேப்பஞ்சேரி என்ற பழைய தொகுதி மறைந்தது, பூதலப்பட்டு தோன்றியது. மறைந்த தொகுதியில் எவரும் மீண்டும் நிற்க இயலாதென்பதால், எல்லை மாற்றம் ஒன்றே ஐயமின்றிக் கணிக்கத்தக்க காரணமாகும்.

மற்றவையோ கடைசி நாழிகை வரை தெளிவதில்லை. நம் நாட்டில் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு வாரம். கட்சியின் அதிகாரம் பெற்ற அபேட்சகர் இவரே என்று கூறும் ‘பி’ படிவம் கடைசி நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் தேர்தல் அதிகாரியின் கையில் சேர வேண்டும். ஆந்திர நாட்டிலே இந்தப் படிவத்தைப் பற்றி டீக்கடைகளில் பேசுமளவு வேறெந்தத் தாளைப் பற்றியும் பேசுவதில்லை. 2014இல் பீலேர் தொகுதியின் அங்கத்தினரும், அதற்குச் சற்றுமுன் வரை முதலமைச்சராக இருந்தவருமான நல்லாரி கிரண்குமார் ரெட்டி, தாம் புதிதாகக் கட்சி தொடங்கியிருந்தும் போட்டியிடவில்லை. நின்றவர் அவருடைய தம்பி. மனுத் தாக்கல் முடியும் தறுவாய் வரை அவர் நிற்பார் என்றே பலரும் எண்ணியிருந்தனர்.

2024ஆம் ஆண்டு இன்னும் விசித்திரமானது. அவ்வாண்டு மார்ச்சு 16ஆம் நாள் ஆளுங்கட்சியான ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் தன் பட்டியலை இடுபுலபாயவில் வெளியிட்டது. சித்தூர் அங்கத்தினரான ஆரணி சீனிவாசுலுவுக்கு அதில் இடமில்லை. அவர் ஜனசேனாவில் சேர்ந்து, திருப்பதியில் நின்று வென்றார். திருப்பதி அங்கத்தினரான பூமன கருணாகர ரெட்டி நிற்கவில்லை. அவர் மகன் நின்றார். சந்திரகிரியின் செவிரெட்டி பாஸ்கர் ரெட்டி ஒங்கோலில் பார்லிமெண்டுக்கு நிற்க, சந்திரகிரியில் அவர் மகன் நின்றார். கங்காதர நெல்லூரில் துணை முதலமைச்சர் நாராயணசாமிக்குப் பதிலாக அவர் மகள் நின்றார். சத்தியவேட்டில் கோனேட்டி ஆதிமூலம் கட்சி மாறித் தெலுங்கு தேசத்தின் சார்பில் அதே தொகுதியில் வென்றார்.

இவர்களுள் ‘மீண்டும் நில்லாதவர்’ எத்தனை பேர்? தாமே விலகியவர், விலக்கப்பட்டவர், பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தவர், தொகுதி மாறியவர், கட்சி மாறியவர் என ஐந்து வகையினரை ஒரே தொகையாக்கிக் காட்டும் கணிப்பை நாம் நம்புவதற்கில்லை. மேல் நாட்டார் முறையில் முன்னதாக அறிவித்துத் தாமே விலகியவராக அவ்வாண்டு நம் கண்ணுக்குப் படுபவர் கல்லா ஜெயதேவ். சித்தூரில் 1977இலும் 1980இலும் பார்லிமெண்டுக்கு வென்ற ராஜகோபால நாயுடுவின் பேரரான அவர், குண்டூர் அங்கத்தினராக இருந்தபோது, ஜனவரி மாதத்திலேயே தாம் நிற்பதில்லை என்று சொல்லிவிட்டார். தேர்தலோ மே 13இல். இதற்கு நேர் எதிர்முனையில் குப்பம் இருக்கிறது. 1989 முதல் தொடர்ந்து எட்டு முறை அங்கே வென்றிருக்கும் சந்திரபாபு நாயுடு மீண்டும் நிற்பாரா என்று பந்தயம் கட்ட எவரும் முன்வரார்.

பங்காருபாளையத்துக்கே திரும்புவோம். பூதலப்பட்டுத் தொகுதியில் 2014இல் வென்றவர் எம். சுனில்குமார். 2019இல் அவருக்குக் கட்சி இடம் தரவில்லை, எம். எஸ். பாபு நின்று வென்றார். 2024இல் பாபுவுக்கு இடமில்லை. மீண்டும் சுனில்குமார் நிறுத்தப்பட்டார். பாபு காங்கிரஸுக்குச் சென்று நின்றார். வென்றவரோ தெலுங்கு தேசத்தின் முரளிமோகன். பத்தாண்டுகளில் இருமுறை, பதவியிலிருந்தவரைக் கட்சியே மாற்றியது. மாங்காய் விலையைப் பற்றியோ ஏரி மதகைப் பற்றியோ 2014இல் வாக்குறுதி பெற்ற ஓர் உழவன், அதை 2019இல் நினைவூட்ட விரும்பியிருந்தால், வாக்குச் சீட்டில் அந்தப் பெயரே இராது. வெளியூரிலிருந்து பேருந்து பிடித்து வாக்களிக்க வந்தவனுக்குத் திகைப்பு இன்னும் மிகுதியாகவே இருந்திருக்கும்.

இனி வருங்காலத்தைப் பற்றி ஒரு சொல். 2023இல் நிறைவேறிய 106ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சட்டசபை இடங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்குகிறது. தனித்தொகுதிகளுக்கும் இது பொருந்தும். மக்கட்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டு இது நடைமுறைக்கு வருங்கால், ஆந்திர சட்டசபையின் இப்போதைய 175 இடங்களை வைத்துக் கணக்கிட்டாலும், ஏறத்தாழ 58 தொகுதிகளில் ஆண் அங்கத்தினர் எவரும் மனுத் தாக்கல் செய்ய இயலாது. அவர்களுள் எத்தனை பேர் பக்கத்துத் தொகுதியைத் தேடுவர், எத்தனை பேர் மனைவியையோ மகளையோ முன்னிறுத்துவர் என்பதைக் கணிக்க விரும்புவோர், 2024இல் கங்காதர நெல்லூரில் நிகழ்ந்ததிலிருந்து தொடங்கலாம்.