கைகழுவலும் குற்றவுணர்வும்: ஒரு மருத்துவ வரலாற்றுக் குறிப்பு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு புதிய உண்மை, தம் சிகிச்சையே நோயாளரைக் கொன்றது என உணர்த்தும்போது வைத்தியரின் உள்ளம் அடையும் நிலை அதில் அரிதாகவே இடம்பெறுகின்றது.

வியன்னாப் பொது வைத்தியசாலையில் இரு இலவசப் பிரசவப் பிரிவுகள் இயங்கின. அங்கு பெரிதும் வறிய பெண்களே சேர்ந்தனர். இலவச சிகிச்சைக்கு ஈடாக அவர்தம் உடல்கள் பயிற்சிக்குப் பயன்பட்டன. 1846 இல் மருத்துவ மாணவர் பயின்ற முதலாம் பிரிவில் தாய்மார் இறப்பு நூற்றுக்கு 11.4 வீதம், மருத்துவிச்சியர் பயின்ற இரண்டாம் பிரிவிலோ 2.8 வீதம். சவங்களை அறுத்த கைகளுடன் வைத்தியரும் மாணவரும் பிரசவ அறைக்குச் சென்றமையே இதற்குக் காரணமென 1847 இல் இக்னாஸ் செம்மெல்வைஸ் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலாற் கைகழுவும் முறையை அவர் புகுத்தவே, 1848 இல் முதலாம் பிரிவின் இறப்பு 1.3 வீதமளவுக்குக் குறைந்தது.

இச்செய்தி கீல் நகரப் பேராசிரியர் குஸ்டாவ் அடோல்ஃப் மிக்காயெலிஸை எட்டியது. அவர் அதனை ஏற்றுத் தம் பிரசவ விடுதியிலும் கைகழுவலை நடைமுறைப்படுத்தினார். ஆயின், முந்திய ஆண்டில் அவரே பிரசவம் பார்த்த உறவுப் பெண்ணொருத்தி பிரசவக் காய்ச்சலால் இறந்திருந்தாள். தம் கையே அவளைக் கொன்றது எனும் எண்ணம் அவரை விட்டகலவில்லை. 1848 ஆகஸ்டில் அவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார்.

இதனைத் தனிமனிதரொருவரின் மனத்தளர்ச்சியென ஒதுக்குதல் பொருந்தாது. செம்மெல்வைஸின் கருத்தை மறுத்த பேராசிரியர் பலர் தம் பதவிகளில் நிலைத்தனர், ஏற்றவரோ நிலைகுலைந்தார். தவற்றை ஒப்புக்கொள்வதற்கு இடமளியாத நிறுவனமொன்றில், கூட்டுப் பொறுப்பு முழுவதும் நேர்மையுடையோரின் தனிப்பட்ட சுமையாக மாறுகின்றது என்பதே இங்கு நோக்கற்பாலது.

இத்தகைய வைத்தியரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என 2000 ஆம் ஆண்டில் அல்பர்ட் வூ குறிப்பிட்டார். அச்சொல் பொறுப்பினை மறைக்கின்றதென 2019 இல் நோயாளர் தரப்பினர் சிலர் அதனைக் கைவிடக் கோரினர். இரு கூற்றுகளிலும் நியாயம் உண்டு. வைத்தியரின் துயர் மெய்யானதே. எனினும் வியன்னாவில் இறந்த வறிய தாய்மாரின் பெயர்களை வரலாறு பேணவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. உண்மையை அச்சமின்றி உரைக்கக்கூடிய வைத்தியசாலையே இரு சாராரையும் காக்க வல்லது.